நியூரானின் மின்னழுத்தத்தை ஒளியால் படிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

கேள்வி இது: “உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எலியின் மூளையில் நியூரான்கள் மினுக் மினுக்கென்று ஒளிரும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். அதில் தெரிவது கால்சியம்தான், மின்சாரம் இல்லை என்று ஆசிரியர் சொன்னார். அப்படியானால் மின்னழுத்தத்தையே நேரடியாக ஒளியில் பார்க்க முடியாதா? முடியும் என்றால் எல்லா ஆய்வகங்களும் ஏன் அதைச் செய்வதில்லை? எலக்ட்ரோடுக்கு இனி வேலை இருக்குமா? மனிதர்களிடம் இதைப் பயன்படுத்த முடியுமா?”

முடியும். செய்துகொண்டும் இருக்கிறார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உயிருள்ள, விழித்திருக்கும் எலியின் மூளையில் தனித்தனி நியூரானின் மின்துடிப்பை ஒளி வழியாகப் பதிவு செய்யும் அளவுக்கு வந்துவிட்டோம். இருந்தாலும் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் கால்சியத்தோடுதான் வாழ்கின்றன. நல்ல காட்டி மூலக்கூறு, அதாவது மின்னழுத்த மாற்றத்தை ஒளி மாற்றமாகக் காட்டும் மூலக்கூறு, இல்லாததுதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. ஒரு மில்லிவினாடியில் முடிந்துபோகும் நிகழ்வைப் பார்க்க வேண்டுமானால், அந்த ஒரு மில்லிவினாடிக்குள் போதுமான ஃபோட்டான்கள் கேமராவுக்கு வந்து சேர வேண்டும். உண்மையான முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது. கணக்கோடு சொல்கிறேன், அதற்கு முன் கால்சியத்திலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும்.

நியூரான் துடிக்கும்போது அதன் சவ்வில் இருக்கும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே கால்சியத்தின் அளவு உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. வாயில் கொஞ்சம் திறந்தாலே உள்ளே கால்சியம் பல மடங்கு கூடிவிடும். ஜிகேம்ப் போன்ற புரதங்கள் கால்சியத்தைப் பிடித்ததும் பளிச்சென்று ஒளிரும். 2001-இல் ஜப்பானில் ஜுனிச்சி நகாய் குழு உருவாக்கியது இது. 2013-இல் வந்த ஜிகேம்ப்6 தான் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. செல்லின் உள்பகுதி முழுவதும் இந்தப் புரதம் நிறைந்திருப்பதால் ஒளிக்குப் பஞ்சமில்லை. அதோடு, ஒரு துடிப்பு ஒன்றிரண்டு மில்லிவினாடிதான் என்றாலும், அதனால் ஏற்படும் கால்சிய ஒளிர்வு அரை வினாடிக்கு மேல் நீடிக்கும். வினாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வேகமே போதும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான நியூரான்களைப் பார்க்கலாம்.

அந்த நீட்சியே குறையாகவும் ஆகிறது. வினாடிக்கு 100 முறைக்கு மேல் துடிக்கும் நியூரான்கள் மூளையில் உண்டு. அவற்றின் துடிப்புகள் கால்சியத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே மேடாகத் தெரியும், எண்ண முடியாது. ஜிகேம்ப்8 வகைகள் மிக வேகமாக ஏறுகின்றன என்பது உண்மைதான். ஆனால் வேகத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. துடிக்காமல் இருக்கும் நியூரானைக் கால்சியம் ஏறக்குறையக் காட்டுவதே இல்லை. மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் ஓய்வாக இருக்கும் ஒரு நியூரானை, பக்கத்து நியூரான்கள் சில மேலே தள்ளுகின்றன, சில கீழே இழுக்கின்றன. மைனஸ் 50-ஐ ஒட்டி எங்கோ ஒரு வாசலைத் தொட்டால் துடிப்பு, தொடாவிட்டால் ஒன்றுமில்லை. இந்த ஏற்ற இறக்கம்தான் நியூரான் போடும் கணக்கு. துடிப்பு அதன் விடை மட்டுமே. ஒரு நியூரான் இன்னொன்றை அடக்கி வைப்பதை, அதாவது அதன் மின்னழுத்தம் இன்னும் கீழே போவதை, கால்சியப் படத்தில் பார்க்க வழியே இல்லை. மூளையில் அடக்கும் வேலைக்கென்றே தனி நியூரான் வகைகள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். பாதி உரையாடல் காதில் விழவே இல்லை. மின்னழுத்தத்தை நேரடியாகப் பார்க்க இத்தனை பேர் இவ்வளவு காலம் பாடுபடுவது அதற்காகத்தான்.

சரி, மின்னழுத்தம் எங்கே இருக்கிறது? செல்லுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சுமார் 4 நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வின் குறுக்கேதான் இருக்கிறது. 70 மில்லிவோல்ட் என்பது கேட்க மிகச் சிறியது. அதை 4 நானோமீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு ஒன்றே முக்கால் கோடி வோல்ட் வருகிறது. காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதைப்போல ஐந்தாறு மடங்கு வலிமையான மின்புலம் நம் ஒவ்வொரு நியூரானின் சவ்விலும் எந்நேரமும் இருக்கிறது. ஒரு மூலக்கூறின் வடிவத்தையோ நிறத்தையோ மாற்ற அந்தப் புலம் தாராளமாகப் போதும். ஆனால் அந்த மூலக்கூறு சரியாக அந்த 4 நானோமீட்டருக்குள் உட்கார வேண்டும். சற்று விலகிச் செல்லுக்குள் மிதந்தால் அதற்கு மின்னழுத்தமே தெரியாது. வீணாக ஒளிர்ந்து படத்தைக் கெடுக்க மட்டும் செய்யும்.

இந்த எண்ணம் புதிதல்ல. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழைக்குள் எலக்ட்ரோடைச் செலுத்தித் துடிப்பைப் பதிவு செய்தது 1939-இல். 1968-இல் லாரன்ஸ் கோஹன், ரிச்சர்ட் கெய்ன்ஸ், பெர்ட்டில் ஹில்லே மூவரும் நரம்பில் துடிப்பு போகும்போது அது ஒளியைச் சிதறடிக்கும் விதம் இம்மியளவு மாறுவதைக் காட்டினார்கள். சாயம் எதுவும் இல்லாமல், நரம்பின் சொந்தக் குணத்தாலேயே வந்த மாற்றம் அது. ஆனால் மிக மிகச் சிறியது. திரும்பத் திரும்பப் பதிவு செய்து சராசரி எடுத்தால்தான் தெரியும். அதே ஆண்டு இச்சிஜி தசாகியின் குழு சாயம் ஏற்றிய நரம்பில் ஒளிர்வு மாறுவதைக் காட்டியது. அதன்பின் கோஹன் பல ஆண்டுகள் விடாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாயங்களைச் சோதித்தார். 1973-இல் சால்ஸ்பர்க், டேவிலா, கோஹன் மூவரும் மெரோசயனின் சாயத்தைக் கொண்டு அட்டையின் தனி நியூரான்களில் துடிப்பை ஒளியால் பதிவு செய்தார்கள். கேமராவும் கணினியும் இன்றைய நிலையில் இல்லாத காலத்தில், ஒரு கருத்து சரி என்ற நம்பிக்கையில் ஆயிரம் சாயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த அந்தப் பொறுமைக்கு இந்தத் துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

சாயங்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. முதல் வகையில், மின்புலம் சாயத்தின் எலக்ட்ரான்களை நேரடியாகத் தள்ளி, அது உறிஞ்சும், உமிழும் நிறத்தைச் சற்றே நகர்த்துகிறது. லெஸ்லி லோவ் உருவாக்கிய டை-4-ஆனெப்ஸ் இதற்குப் பேர்போனது. வேகம் கணக்கிலேயே சேராது. துடிப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் பின்தங்காது. ஆனால் 100 மில்லிவோல்ட் மாற்றத்துக்குச் சுமார் 10 சதவீத ஒளி மாற்றம்தான் கிடைக்கும். இரண்டாவது வகையை 2012-இல் எவன் மில்லரும் ரோஜர் சியெனும் கொண்டுவந்தார்கள். பச்சை ஒளிர்புரதத்துக்காக 2008-இல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான அதே சியென்தான். சவ்வுக்குள் செருகி நிற்கும் மூலக்கூறு கம்பி ஒன்றின் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான் தாவி வந்து மறுமுனையில் உள்ள சாயத்தின் ஒளியை அணைக்கும். மின்னழுத்தம் மாறினால் அந்தத் தாவல் தடைப்படும், ஒளி கூடும். முதல் பதிப்பிலேயே 100 மில்லிவோல்ட்டுக்கு 27 சதவீதம் கிடைத்தது.

சாயத்தின் பெரிய குறை, அது கண்ட சவ்விலெல்லாம் ஒட்டும். மூளைத் திசுவில் நியூரான், துணைச் செல், இரத்தக் குழாய் என்று எல்லாவற்றுக்கும் சவ்வு உண்டு. எல்லாம் ஒன்றாக ஒளிர்ந்தால் எது யாருடைய ஒளி என்று பிரிக்க முடியாது. ஆகவேதான், வேண்டிய நியூரான் வகையில் மட்டும் மரபணுவைச் செலுத்தி, அந்தச் செல்லே தனக்கான காட்டியைச் செய்துகொள்ளும்படி விடும் வழிக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

1997-இல் சீகலும் ஐசகாஃபும் பழ ஈயின் பொட்டாசியம் வாயிலோடு பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டி முதல் மரபணுக் காட்டியைச் செய்தார்கள். தவளை முட்டையில் வேலை செய்தது. பாலூட்டிச் செல்களில் அந்தத் தலைமுறைக் காட்டிகள் சவ்வுக்குப் போய்ச் சேராமல் உள்ளேயே தேங்கின. அடுத்த திறப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சியோனா என்ற கடல் உயிரியில் மின்னழுத்தத்தை உணரும் நொதி ஒன்று இருப்பதை 2005-இல் ஒகமுராவின் குழு கண்டுபிடித்தது. அதன் உணரும் பகுதி பாலூட்டிச் செல்களிலும் ஒழுங்காகச் சவ்வில் உட்கார்ந்தது. அதை வைத்து 2012-இல் வந்த ஆர்க்லைட் காட்டியில், ஒளிர்புரதத்தில் யாரும் திட்டமிடாமல் நேர்ந்த ஒரே ஒரு அமினோ அமில மாற்றம் சிக்னலைப் பல மடங்கு கூட்டியது. 100 மில்லிவோல்ட்டுக்கு 35 சதவீதம்! ஆனால் மெதுவானது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிரான்ஸ்வா சான்-பியர், மைக்கேல் லின் குழு கோழியிடமிருந்து எடுத்த அதே வகை உணரும் பகுதியில், ஒளிர்புரதத்தை வேறோர் இடத்தில் செருகி, சுமார் 2 மில்லிவினாடியில் மாறும் ஏசாப் காட்டியைச் செய்தது.

எனக்கு மிகவும் பிடித்தது சாக்கடலிலிருந்து வந்த கதை. அந்த உப்பு நீரில் வாழும் ஹாலோருப்ரம் என்ற நுண்ணுயிர், சூரிய ஒளியைக் கொண்டு புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளும் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. ஆர்க்கியரோடாப்சின் என்று பெயர். ஒளி பட்டால் மின்னழுத்தத்தை உண்டாக்கும் புரதம் இது. நியூரான்களை ஒளியால் அமைதிப்படுத்த ஏற்கெனவே பயன்பட்டு வந்தது. ஹார்வர்டில் ஆடம் கோஹன் (சாயங்களைச் சோதித்த லாரன்ஸ் கோஹன் வேறு) இதைத் தலைகீழாகக் கேட்டார். ஒளி கொடுத்தால் மின்னழுத்தம் தருமென்றால், மின்னழுத்தம் மாறினால் ஒளியில் தெரிய வேண்டாமா? 2011-இல் இதே குடும்பத்தின் வேறொரு புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்துப் பார்த்தபோது, பாக்டீரியாக்களே மின்துடிப்போடு மினுக்குவது தெரியவந்தது. அதுவரை யாரும் பார்த்திராத காட்சி அது. 2012-இல் சாக்கடல் புரதம் வளர்ப்புத் தட்டில் இருந்த எலி நியூரானின் ஒவ்வொரு துடிப்பையும் சராசரி எடுக்காமலே காட்டியது. ஒரே ஒரு தொல்லை, அது மிக மங்கல். அதை மாற்றி மாற்றி 2014-இல் வந்த குவாசார் என்ற காட்டிக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 வாட் சிவப்பு லேசர் தேவைப்பட்டது. நண்பகல் வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட்தான். அதைவிட 3,000 மடங்கு. தட்டில் உள்ள செல்லுக்குச் சரி, மூளைக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இனி நான் சொன்ன ஃபோட்டான் கணக்குக்கு வருகிறேன். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்தத் துறையில் வரும் எந்த ஆய்வுக் கட்டுரையையும் தெளிவாகப் படிக்கலாம்.

ஒரே சீராகப் பெய்யும் மழையில் ஒரு டம்ளரை வெளியே வைத்து, ஒவ்வொரு வினாடியும் எத்தனை துளி விழுகிறது என்று எண்ணுங்கள். மழை மாறாவிட்டாலும் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறும். சராசரி 100 துளி என்றால் பத்துத் துளி அளவுக்குக் கூடக் குறைய இருக்கும். ஃபோட்டானும் அப்படித்தான். சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஊசலாட்டம் இருந்தே தீரும். எவ்வளவு விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இது போகாது. கேமராவின் குறையல்ல, ஒளியின் இயல்பு. ஆக, 100 ஃபோட்டான் வந்தால் 10 சதவீத இரைச்சல். 10,000 வந்தால் 1 சதவீதம். துடிப்பின்போது காட்டி 10 சதவீதம் மாறுகிறது, அது இரைச்சலைவிடப் பத்து மடங்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு மில்லிவினாடியும் ஒரு நியூரானிலிருந்து 10,000 ஃபோட்டான் வேண்டும். வினாடிக்கு ஒரு கோடி. நிமிடத்துக்கு 60 கோடி.

நுண்ணோக்கி உமிழப்படும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 600 கோடி ஃபோட்டான் உமிழப்பட வேண்டும். ஓர் ஒளிர்புரத மூலக்கூறு வெளுத்துச் சாவதற்கு முன் சுமார் ஒரு லட்சம் ஃபோட்டான் உமிழும். ஆக நிமிடத்துக்கு 60,000 மூலக்கூறுகள் பலி. நியூரான் உடலின் சவ்வில் பத்து லட்சம் காட்டிகள் இருந்தால், பதினாறு பதினேழு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். இது தோராயக் கணக்குதான். ஆனால் நல்ல பதிவுகள் பல நிமிடக் கணக்கிலேயே பேசப்படுவது ஏன் என்று இப்போது புரியும். இதே வேலையைக் கால்சியத்துக்குச் செய்யுங்கள். வினாடிக்கு 30 படம் போதும், செல் முழுக்கக் காட்டி நிறைந்திருக்கிறது, ஒளிர்வு மாற்றமும் பெரிது. செலவு எங்கோ அடிமட்டத்தில் இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தபின் வோல்ட்ரான் என்ற காட்டி எதற்காக வந்தது என்பது தானே விளங்கும். அமெரிக்காவில் ஜனேலியா ஆய்வகத்தில் எரிக் ஷ்ரைட்டர் குழு 2019-இல் வெளியிட்டது இது. மின்னழுத்தத்தை உணர ஒரு ரோடாப்சின் புரதம், சாக்கடல் புரதத்தின் குடும்பம்தான். ஒளிர்வதற்கு லூக் லாவிஸ் உருவாக்கிய வேதிச் சாயம். சாயம் இந்தப் புரதத்தில் மட்டுமே ஒட்டும்படி ஒரு பிடிப்புப் பகுதி நடுவில் இருக்கிறது. வேண்டிய செல்லில் மட்டும் புரதம், ஒளிர்புரதத்தைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும் சாயம் என்று இரண்டு பக்கத்து நன்மையும் சேர்கிறது. ஒரு மூலக்கூறு சாவதற்கு முன் தரும் ஃபோட்டான் எண்ணிக்கையைக் கூட்டியதுதான் இதன் முக்கியமான சாதனை என்று நான் நினைக்கிறேன். சதவீத மாற்றத்தை மட்டும் முன்னிறுத்தும் விளம்பரங்களில் இது அடிபட்டுப் போகிறது.

சதவீதம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். துடிப்பின்போது மங்கும் காட்டிகளும் உண்டு, பளிச்சிடும் காட்டிகளும் உண்டு. ஏசாப்பின் முதல் பதிப்புகளும் வோல்ட்ரானும் மங்குபவை. நியூரான் பெரும்பாலான நேரம் ஓய்வில்தான் இருக்கிறது. மங்கும் வகை அந்த ஓய்வு நேரம் முழுவதும் உச்ச ஒளியோடு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் உள்ளவையும் எரிவதால் பின்னணி ஒளி ஏறும், அதன் ஊசலாட்டமும் சேர்ந்து ஏறும். ஓய்வில் இருண்டிருந்து துடிக்கும்போது மட்டும் ஒளிரும் காட்டிக்கு இந்தச் சுமை இல்லை. 2023-இல் வந்த ஏசாப்4 இந்தப் பக்கம் திரும்பியது. அதே காரணத்துக்காகக் காட்டியை நியூரானின் உடல் பகுதியில் மட்டும் தங்க வைக்கும் ஒரு குறிப்புத் துண்டையும் இப்போது சேர்க்கிறார்கள். கிளைகளெல்லாம் ஒளிர்ந்தால் மூளைத் திசு ஒரே மூடுபனியாகிவிடும். 2019-இல் எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில் ஆடம் கோஹன் குழுவும், எம்.ஐ.டி.யில் எட்வர்ட் பாய்டன் குழுவினரும் சாக்கடல் புரதத்தின் வாரிசுகளைக் கொண்டு பதிவு எடுத்தபோது, இந்த ஏற்பாடு இல்லாமல் அது நடந்திருக்காது. துடிப்புகள் மட்டுமல்ல, துடிப்புக்குக் கீழே ஓடும் ஏற்ற இறக்க அலையும் அந்தப் பதிவுகளில் தெரிந்தது.

ஆழம் தனிப் பிரச்சினை. மூளைத் திசு ஒளியைச் சிதறடிக்கும். ஆழத்தில் பார்க்க 1990-இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் அறிமுகப்படுத்திய இரு ஃபோட்டான் நுண்ணோக்கிதான் வழி. அது லேசரின் ஒரே புள்ளியைத் திசுவில் நகர்த்தி நகர்த்திப் படம் வரைகிறது. வழக்கமான லேசர் வினாடிக்கு 8 கோடி துடிப்பு தரும். ஒரு மில்லிவினாடிக்கு 80,000. 512-க்கு 512 என்ற சாதாரணப் படத்தில் 2,62,144 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு லேசர் துடிப்பு கொடுத்தாலும் மில்லிவினாடிக்குள் முடியாது! இதைச் சுற்றிப்போக இரண்டு வழி. ஒன்று, படம் முழுவதையும் வரையாமல் வேண்டிய நியூரான்களுக்கு மட்டும் லேசரைத் தாவித் தாவி அனுப்புவது. ஏசாப்3-ஐ இப்படித்தான் எலியில் பயன்படுத்தினார்கள். மற்றொன்று, பெர்க்லியில் நா ஜி குழு 2020-இல் காட்டியது. எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு இடையே ஒரு லேசர் துடிப்பை ஓடவிட்டு, அதைச் சிறு சிறு நேர இடைவெளியோடு வரிசையாக வரும் பல துடிப்புகளாகப் பிரித்து, வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் படம் எடுத்தார்கள். ஆனாலும் லேசர் திறனை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 250 மில்லிவாட்டை ஒட்டித் தொடர்ந்து பாய்ச்சினாலே வெப்பத்தால் திசு பாதிக்கப்படத் தொடங்கும். சாக்கடல் புரத வகை இரு ஃபோட்டான் ஒளியில் சரியாக வேலை செய்வதும் இல்லை. அதனால்தான் 2022-இல் சான்-பியர் குழு இரு ஃபோட்டான் ஒளிக்கென்றே தேர்ந்தெடுத்து ஜெடை-2பி காட்டியை உருவாக்கியது. ஆழம் வேண்டுமா, பல செல் வேண்டுமா, நீண்ட நேரம் வேண்டுமா, தெளிவு வேண்டுமா என்று ஒவ்வொரு ஆய்வகமும் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மாணவர்கள் அவ்வளவாகக் கேட்காத ஒரு விஷயத்தையும் இங்கே சேர்க்கிறேன். எலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை அடிக்கும். அதாவது வினாடிக்கு எட்டு முதல் பத்து. ஹிப்போகாம்பஸில் ஓடும் தீட்டா என்ற மின்னலையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. இதயத் துடிப்பால் மூளை நுண்ணளவு அசையும், இரத்த அளவு மாறும், இரத்தம் ஒளியை உறிஞ்சும். கவனிக்காமல் விட்டால் இதயத்தைப் பதிவு செய்துவிட்டு மூளை அலை என்று எழுதிவிடலாம். ஒரு சதவீத மாற்றத்தைத் தேடும் இடத்தில் ஒரு சதவீத அசைவு பெரிய ஆபத்து. ஆகவே ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, மின்னழுத்தத்துக்கு மாறாத வேறொரு நிறத்தையும் கூடவே பதிவு செய்தார்களா, அதே செல்லில் எலக்ட்ரோடையும் வைத்து ஒப்பிட்டார்களா என்று முதலில் பாருங்கள். காட்டியும் சும்மா இருப்பதில்லை. மின்னழுத்தத்தை உணரும் பகுதியிலுள்ள மின்சுமை சவ்வுக்குள் நகர்வதால் செல்லுக்குக் கூடுதல் மின்தேக்கச் சுமை ஏறும். காட்டியை மிக அதிகமாகத் திணித்தால் நாம் அளக்க வந்த நியூரானே வேறாக நடந்துகொள்ளலாம்.

எலக்ட்ரோடு போய்விடுமா என்றால், இல்லை. துல்லியத்தில் கண்ணாடிக் குழாய் எலக்ட்ரோடை இன்றும் எதுவும் நெருங்கவில்லை. மில்லிவோல்ட் என்ன என்பதை அது எண்ணாகவே சொல்லும். ஒளி பெரும்பாலும் கூடியது குறைந்தது என்று மட்டும் சொல்லும். 2017-இல் வந்த நியூரோபிக்சல்ஸ் ஊசியில் 960 பதிவிடங்கள், அவற்றில் ஒரே நேரத்தில் 384 வேலை செய்யும். மூளையின் எந்த ஆழத்துக்கும் போகும். ஃபோட்டான் தீர்ந்துபோகும் கவலையில்லாமல் மணிக்கணக்கில் பதிவு செய்யும். ஆனால் செல்லுக்கு வெளியே நிற்கும் ஊசிக்குத் துடிப்பு மட்டும்தான் கேட்கும். தனித்தனி நியூரானின் அடிநிலை ஏற்ற இறக்கம் கேட்காது. அமைதியாக இருக்கும் நியூரான் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. ஒரு கிளையின் நுனியிலும் அதே நியூரானின் உடலிலும் ஒரே சமயத்தில் என்ன நடக்கிறது, பக்கத்துப் பக்கத்தில் உள்ள பத்து நியூரான்களின் அடிநிலை அலைகள் ஒன்றுபோல ஏறி இறங்குகின்றனவா என்ற வகைக் கேள்விகளுக்கு ஒளியே வழி. உங்கள் கேள்வி “எத்தனை முறை துடித்தது, ஆயிரம் செல்லில்?” என்றால் கால்சியம் எடுங்கள். “எந்த மில்லிவினாடியில், மூளையின் அடிப்பகுதியில்?” என்றால் ஊசி எடுங்கள். “ஏன் துடிக்காமல் நின்றது?” என்றால் மின்னழுத்தப் படம் எடுங்கள், சில பத்து செல்களுக்கு மேல் ஆசைப்படாமல்.

ஒளிக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. நீல ஒளியால் திறக்கும் வாயில் ஒன்றையும், சிவப்பு ஒளியில் படிக்கும் குவாசாரையும் ஒரே நியூரானில் வைத்தால், ஊசியே படாமல் தூண்டவும் பதிவு செய்யவும் முடியும். 2014-இல் ஹார்வர்டில் இதைச் செய்து காட்டினார்கள். நியூரானுக்கு வெளியேயும் இந்தக் கருவி போயிருக்கிறது. வரிக்குதிரை மீன் கருவில் இதயம் முதல்முறையாக எப்படி அடிக்கத் தொடங்குகிறது என்று ஹார்வர்டில் மேகசன், ஆடம் கோஹன் குழுக்கள் ஒளியால் பார்த்து 2023-இல் வெளியிட்டன. கரு உண்டாகிச் சுமார் 20 மணி நேரத்தில் அது நடக்கிறது. மெல்ல மெல்லக் கூடி வரவில்லை. திடீரென்று, இதயம் முழுவதும் பரவும் ஒரே அலையாகத் தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் இதயம் ஊசி வைக்கும் அளவில் இல்லை.

கடைசியாக, மனிதர்கள். உயிருள்ள மனித மூளையில் இதைச் செய்வது இப்போதைக்கு நடக்காது. வைரஸ் வழியாக வெளி மரபணுவை நியூரானுக்குள் செலுத்த வேண்டும், மண்டையோட்டில் சாளரம் திறக்க வேண்டும், அப்படியும் மேலடுக்கில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போக முடியாது. நோயாளிக்கு அந்த ஆபத்தை நியாயப்படுத்தும் பயன் இன்று இல்லை. ஆனால் மனிதச் செல்லில் பயன்படுத்த முடியுமா என்று கேட்டால் பதில் வேறு. ஒருவரின் தோல் அல்லது இரத்தச் செல்லை எடுத்துத் தண்டு செல்லாக மாற்றி, அதிலிருந்து நியூரானோ இதயத் தசைச் செல்லோ வளர்க்கலாம். மரபுவழி வலிப்பு நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவரின் செல்கள் எப்படித் துடிக்கின்றன, ஒரு மருந்தைச் சேர்த்தால் என்ன மாறுகிறது என்று தட்டில் வைத்து நூற்றுக்கணக்கான செல்களில் பார்க்கலாம். ஒவ்வொரு செல்லிலும் கையால் எலக்ட்ரோடு வைத்து இதைச் செய்ய மாதங்கள் ஆகும். தட்டில் ஆழமும் இல்லை, இரத்தமும் இல்லை, இதயத் துடிப்பால் வரும் அசைவும் இல்லை. ஃபோட்டான் கணக்கு கட்டுக்குள் நிற்கும். உங்கள் கல்லூரிக்கு அருகே செல் வளர்ப்பு வசதியும் நல்ல கேமராவும் உள்ள ஆய்வகம் இருந்தால், எலி மூளைக்கு ஆசைப்படாமல் அங்கே தொடங்குங்கள். மில்லர் குழுவின் சாயங்களைத் தட்டில் உள்ள நியூரானில் ஏற்றி வேகமாகப் படம் எடுத்தால், கணினித் திரையில் உங்கள் முதல் துடிப்பைப் பார்த்துவிடலாம்.